ஜிப்பக்காவைத் தேடி வந்த மெத்தைக் கம்பெனி

அந்தக் கட்டடத்தில் போய் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஜிப்பக்கா வீடு எது என்று கேட்டால், வாசல் கூட்டுகிறவர்கூட துடைப்பத்தைத் தூக்கி மூன்றாவது மாடியைக் காட்டுவார்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பேன்ட் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். வரிசையில் அவளுக்கு முன்னால் இருப்பவள் பை வைத்து அனுப்புவாள், இவள் ஜிப் வைத்து அனுப்புவாள், பின்னால் இருப்பவள் இடுப்புப் பட்டி அடிப்பாள். தன் கைபட்ட பேன்ட் முழுசாக எப்படி இருக்கும் என்பதை அவள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள். பிறகு ஒருநாள் ஆலையை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அவள் ஒரு பழைய மெஷினை வாங்கி வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் போட்டு, பழுதுபார்க்கும் துணிகளை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். பல் உதிர்ந்த ஜிப், இழுக்கிற ரன்னர் கழன்ற ஜிப், பாதியில் சிக்கி ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்கும் ஜிப், எது வந்தாலும் அவளிடம் சரியாகிவிடும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

அவள் கணவருக்கு ரொட்டி அடுமனையில் அடுப்படி வேலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ரொட்டிக்காரர். ஊர் விழிக்கும் நேரத்தில் அவருக்கு வேலை முடியும். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, முன்னறைச் சோபாவில் சாய்ந்தாரென்றால் அதோடு சரி. உள்ளே கட்டில் போட்ட அறை இருந்தது. ஆனால் அங்கே படுத்தால் தூக்கம் வரவில்லை என்பார். எனவே இவள் ஜன்னலோரம் தைப்பாள், அவர் எதிர்ச்சுவரோரம் தூங்குவார். வருஷக்கணக்காக அந்த வீட்டில் பகல் இப்படித்தான் போனது.

வீடியோ போடுகிற பழக்கத்தை உண்டாக்கியவள் அவளுடைய அண்ணன் மகள். விளம்பர ஆபீசில் வேலை பார்க்கிற பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கோட்டுக்கு ஜிப் மாற்ற வந்தவள், அத்தை மெழுகுவத்தித் துண்டை எடுத்து ஜிப்பின் பல்லில் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு போனை நீட்டிப் படம்பிடித்தாள்.

"அத்தை, இதை எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க பேசவே வேண்டாம். கையை மட்டும் காட்டினா போதும்."

"ஜிப் மாட்டுறதை எவ உக்காந்து பார்ப்பா?"

"பார்ப்பாங்க பாருங்க."

பார்த்தார்கள். முதலில் பத்துப் பேர், அப்புறம் நூறு பேர், அப்புறம் எத்தனை என்று அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள். போனை நிறுத்திவைக்க ஒரு தாங்கியை அண்ணன் மகள் வாங்கிக் கொடுத்தாள். அது மெஷினுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கையையும் மெஷினையும் காட்டியது. பின்னாலிருந்த சோபாவும் படத்தில் விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதைப் பொருட்டாக நினைத்திருக்க மாட்டாள்.

பார்க்கிறவர்கள் கூடியதும் அண்ணன் மகளின் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"இனிமே பிராண்டு வரணும் அத்தை. உங்களை மாதிரி இருக்கிறவங்களைத்தான் கம்பெனிக்காரங்க தேடுறாங்க. அவங்க பொருளை நீங்க வீடியோவுல பயன்படுத்தினா, அவங்க உங்களுக்குப் பணம் குடுப்பாங்க."

"தேடுறாங்கன்னா வீடு தெரியாம தேடுறாங்களா? விலாசத்தைப் போட்டுவிடேன்."

"அப்படி இல்ல. நாமளும் அவங்க கண்ணுல படுற மாதிரி நடந்துக்கணும். ஒரே விஷயத்தைத் தொடர்ந்து போடணும். கமெண்ட் போடுறவங்களுக்குப் பதில் சொல்லணும். எந்த நூல் பயன்படுத்துறீங்களோ அந்தக் கம்பெனிப் பேரை வீடியோவுல டேக் பண்ணணும். அப்பதான் இவங்க நம்ம ஆளுன்னு அவங்களுக்குத் தோணும்."

ஜிப்பக்கா சொன்னதைச் செய்கிறவள். நூல் கம்பெனியை டேக் செய்தாள். ஊசிக் கம்பெனியை, கத்தரிக்கோல் கம்பெனியை, மெஷினுக்கு விடுகிற எண்ணெய்க் கம்பெனியைக்கூட டேக் செய்தாள். ஜிப் செய்கிற கம்பெனிக்கு அண்ணன் மகளை வைத்து நீளமாக ஒரு மெயில் அனுப்பினாள். அனுப்பிய மறு நொடியே 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி' என்று பதில் வந்தது. அடேயப்பா, எவ்வளவு சுறுசுறுப்பு என்று அவள் பூரித்துப்போனாள். அது கணினியே போடுகிற பதில், மனுஷர் யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தபோது மூஞ்சி தொங்கிப்போயிற்று.

கமெண்டுகளுக்குப் பதில் சொல்வதுதான் பெரும் பாடாக இருந்தது. பாதிக் கமெண்டு அவளுக்கு விளங்கவே இல்லை. 'இன்றைக்கு என்ன, லேட்டா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நேரத்துக்குத்தானே போட்டோம் என்று குழம்பி, 'மன்னிக்கவும், இனிமேல் சீக்கிரம் போடுகிறேன்' என்று எழுதினாள். 'போர்வை போதுமா?' என்று ஒருத்தி கேட்டாள். 'போர்வைக்கு ஜிப் தேவையில்லை' என்று இவள் பொறுப்பாகப் பதில் சொன்னாள். 'சாக்ஸைக் கழற்றிவிட்டிருக்கலாம்' என்று இன்னொருவர். அன்றைக்கு அவள் தைத்தது பள்ளிக்கூடப் பை. சாக்ஸ் எங்கிருந்து வந்தது? யாரோ வேறு வீடியோவுக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஒரு செய்தி வந்தது. மெத்தை செய்கிற கம்பெனி. 'உங்கள் பக்கத்தில் உள்ள வீட்டுச் சூழல் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உங்களோடு இணைந்து வேலை செய்ய விரும்புகிறோம்.'

ஜிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மெத்தைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் பளிச்சென்று புரிந்தது. மெத்தை உறை! மெத்தை உறையைச் சுற்றிலும் ஜிப்தானே? நீளமான ஜிப். மூலையில் திரும்புகிற இடத்தில்தான் எப்போதும் பிய்யும். அதை எப்படி மாற்றுவது என்று இந்த ஊரில் அவளைவிட்டால் யார் காட்டப்போகிறார்கள்? அவள் மூலை திருப்பும் வித்தையைக் காட்ட ஒரு பழைய உறையைப் பிரித்து, பாதி தைத்து, பாதியை அப்படியே விட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குக் கிளம்பினாள். அண்ணன் மகளும் கூட வந்தாள்.

ஆபீஸ் வரவேற்பறையில் நாற்காலிகளுக்குப் பதிலாக மெத்தைகளே கிடந்தன. எதில் உட்காருவது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். வந்தவள் இவள் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் மகளைப் பார்த்தாள், பின்னால் கதவைப் பார்த்தாள்.

"அவர் வரலையா?"

"எவர்?"

"உங்க வீட்டுக்காரர்."

"அவர் தூங்குவாரே இந்நேரம்," என்றாள் ஜிப்பக்கா.

"ஐயோ, அதுதான் எங்களுக்கு வேணும்!" என்று அந்தப் பெண் கையைத் தட்டினாள்.

ஜிப்பக்கா பையிலிருந்து மெத்தை உறையைப் பாதி வெளியே எடுத்திருந்தாள். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் தன் கணினியைத் திருப்பி, இவளுடைய வீடியோக்களுக்கு வந்த கமெண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இன்றைக்கு லேட்டா என்று கேட்டது அவர் சோபாவுக்கு வந்த நேரத்தை. போர்வை போதுமா என்றது அவருக்கு. சாக்ஸும் அவருடையதுதான். அவர் புரண்டு படுக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து யாரோ தனியாகவே போட்டிருந்தார்கள்.

"உங்க வீடியோ பார்த்தா ஜனங்களுக்கு நிம்மதியா இருக்காம். ஒரு மனுஷன் இப்படித் தூங்கி நாங்க பார்த்ததே இல்லன்னு எழுதறாங்க. எங்க மெத்தையில அவர் தூங்கினா எப்படி இருக்கும்!"

"அப்போ ஜிப்?" என்றாள் ஜிப்பக்கா.

"அது பாட்டுக்கு நடக்கட்டும். முன்னாடி நீங்க தைங்க, பின்னாடி அவர் தூங்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜிப்பக்கா மெத்தை உறையை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள்.

அண்ணன் மகள் ஜன்னலைப் பார்த்தாள். "லேசா தெரியும் அத்தை. சொன்னா நீங்க மாமாவை உள்ளே போய்ப் படுக்கச் சொல்லிடுவீங்க. ரீச் போயிடும், பார்க்கிறவங்க குறைஞ்சிடுவாங்கன்னு சொல்லல."

வீட்டுக்கு வந்தபோது ரொட்டிக்காரர் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜிப்பக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் கூச்சக்காரர். ஆறு பேர் கூடுகிற இடத்தில் ஏழாவதாக நிற்கமாட்டார்.

"நான் தூங்குறதையா? ஊரே பார்க்குதா?"

"ஊருன்னு இல்ல. பல ஊரு."

"வாயைத் திறந்துகிட்டா தூங்குறேன்?"

"சில நேரம்."

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார், இப்போதுதான் யாரோ பார்ப்பதுபோல. பிறகு கையை எடுத்துவிட்டு, "உனக்கு ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"இத்தனை நாளா என் கையைத்தான் பார்க்கிறாங்கன்னு நெனச்சேன். ஒருத்தர்கூடப் பார்க்கல போல."

"நான் பார்க்கிறேனே."

"எங்க? நீங்கதான் தூங்குறீங்களே!"

அவர் தலையைச் சொறிந்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று மறுபடி கமெண்டுகளை எடுத்துப் படித்தாள். இந்த முறை எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகுதான் குழப்பம் அதிகமாயிற்று. 'எங்கள் வீட்டில் யாரும் இப்படி நிம்மதியாகத் தூங்கினதில்லை' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். முன்பு படித்தபோது ஏதோ உளறுகிறாள் என்று தாண்டிப்போன கமெண்டு. அதைப் பார்த்துக் கோபப்படுவதா, அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுவதா? இதற்கு என்ன பதில் எழுதுவது? எழுதவில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ரொட்டிக்காரர்தான் தடுத்தார். "தூங்குறதுக்குக் கூலி எவன் தருவான்? சும்மா செய்யறதைத்தானே செய்யச் சொல்றாங்க?" அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வீடியோ என்று ஒப்பந்தம் ஆயிற்று.

மெத்தை வந்தது. இரண்டு ஆட்கள் மாடிப்படியில் திருப்பித் திருப்பி ஏற்றிக் கொண்டுவந்து, சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் போட்டார்கள். முன்னறையில் பாதி போயிற்று. துணி கொடுக்க வருகிறவர்கள் மெத்தையைச் சுற்றிச் சுவரோரமாக நடந்துவந்தார்கள். கம்பெனிப் பெண்ணும், கேமராவோடு ஒருவனும் வந்து, வெளிச்சம் சரிபார்த்தார்கள். ரொட்டிக்காரர் வேலை முடிந்து வந்து, அவர்கள் கொடுத்த புதுப் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு, மெத்தையின் ஓரத்தில் வேண்டாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார்.

"படுங்க சார். சும்மா எப்பவும் போல."

அவர் படுத்தார். கண்ணை மூடினார். மெஷின் சத்தம் பதிவைக் கெடுக்கிறது, அதை நாங்கள் பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்று கேமராக்காரன் சொன்னதால், ஜிப்பக்கா மெஷினை ஓட்டாமல் துணியை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாள். அறை கப்சிப் என்று இருந்தது. அவர் தூங்கவில்லை என்பது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அசந்து தூங்கும்போது அவருடைய இடது கால் கட்டைவிரல் தானாக ஆடும். இப்போது பத்து விரலும் விறைத்து நின்றன.

அவர்கள் போன பிறகு கேட்டாள். "என்னங்க ஆச்சு? மெத்தை சரியில்லையா?"

"மெத்தைக்கு என்ன, மேகத்துல படுத்த மாதிரி இருக்கு. சத்தம்தான் இல்ல. அடுமனையில மாவு பிசையிற மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தக் காதோட வர்றேன். இங்க உன் மெஷின் ஓடினாதான் கண்ணு சொக்கும். உள்ளறையில ஏன் படுக்கிறதில்லன்னு நெனச்ச?"

வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியும் இது அவளுக்குத் தெரியாது. அப்பாடா, விஷயம் இவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தது. மறுநாள் கேமராவும் இல்லை, ஆளும் இல்லை. அவள் மெஷினைக் கடகடவென்று ஓட்டினாள். அவர் மெத்தையில் படுத்து மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் சத்தம் இருக்கே?"

"இருக்கு. ஆனா தூங்கணுமேன்னு நெனச்சா வரமாட்டேங்குது."

ஒரு வாரம் இப்படியே போனது. முதல் வீடியோ வெளியானது. அவர் நடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோய்விடும், மானம் போகப்போகிறது என்று ஜிப்பக்கா பயந்தாள். தெரிந்துதான் போயிற்று. 'தூங்கவே இல்லை, இமை ஆடுகிறது' என்று ஒரு கூட்டம். 'பாவம், அசந்து தூங்குகிற மனுஷனைக் குறை சொல்லாதீர்கள்' என்று இன்னொரு கூட்டம். அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையைப் பார்க்க வந்தவர்கள் வேறு. கம்பெனிப் பெண் போனில் துள்ளிக் குதித்தாள். "அக்கா, எங்க எந்த விளம்பரத்துக்கும் இவ்வளவு கமெண்ட் வந்ததில்ல!"

"எல்லாம் திட்டுதானேம்மா?"

"திட்டா இருந்தா என்னக்கா, பேசறாங்கல்ல?"

நன்றாகத் தூங்கியபோது இவ்வளவு துள்ளவில்லை. தூங்காமல் நடித்ததற்குச் சந்தோஷப்படுகிறார்கள். ஜிப்பக்கா போனை வைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் ரொட்டிக்காரரின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது. அடுமனையில் நின்றபடியே கண் அசந்து, ஒரு தட்டு ரொட்டியைக் கரியாக்கிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், "ரெண்டு நாள் வீட்டுல தூங்கிட்டு வாய்யா" என்று அனுப்பிவைத்தார். வீட்டில் தூங்குவதுதான் இப்போது வேலையாகிவிட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது வீடியோவை நாங்களே எடுத்து அனுப்புகிறோம் என்று ஜிப்பக்கா சொல்லிவிட்டாள். போனைத் தாங்கியில் வைத்தாள். அன்று கைக்கு வந்தது ஒரு பயணப் பை. ரன்னர் மட்டும் போயிருந்தது, பல்லெல்லாம் நன்றாக இருந்தது. ரொட்டிக்காரர் மெத்தையில் கொஞ்ச நேரம் புரண்டார். பிறகு எழுந்துவந்து, மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"இதை முழுசா மாத்தணுமா?"

"வேண்டாம். ரன்னரை மட்டும் ஏத்தினா போதும். இந்த முனையைக் கொஞ்சம் பிரிச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல நுழைக்கணும். ஒரு பல்லு முன்னபின்ன ஆனாலும் கோணிக்கும்."

"ம்."

"அப்புறம் முனையில நாலு தையல் போட்டுப் பூட்டிடணும்."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மெஷின் மேஜையின் விளிம்பில் கன்னத்தை வைத்து, வாயை லேசாகத் திறந்து, அவர் தூங்கிவிட்டிருந்தார். இடது கால் கட்டைவிரல் ஆடியது. அவள் மெஷினை நிறுத்தவில்லை. ரன்னரை ஏற்றி, முனையைத் தைத்துப் பூட்டி, அந்த வேலை முடிந்த பிறகும் அவர் விழித்துவிடுவாரோ என்று வேண்டாத ஒரு துண்டுத் துணியைப் போட்டு ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த வீடியோவைக் கம்பெனிக்கு அனுப்பினாள். அடுத்த நாள் அந்தப் பெண் பேசினாள். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"அக்கா, ரொம்ப நல்லா வந்திருக்கு. நாங்க எல்லாரும் பார்த்தோம். ஒரே ஒரு விஷயம். மெத்தை காலியா கிடக்கே?"

"ஆமா."

"அவரை மெத்தையில படுக்க வெச்சு இன்னொரு தடவை எடுத்து அனுப்ப முடியுமா?"

ஜிப்பக்கா சோபா இருந்த இடத்தைப் பார்த்தாள். "படுக்க வெக்கலாம்மா. தூங்க வெக்க எனக்குத் தெரியல."

கோபதாபம் ஒன்றும் இல்லாமல் ஒப்பந்தம் ஒரு வீடியோவோடு முடிந்தது. மெத்தையை எடுத்துப்போக ஆள் அனுப்புவார்கள் என்று இவள் காத்திருந்தாள். ஒருமுறை பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதை உள்ளறைக்குள் நுழைக்கப் பார்த்தார்கள், கதவு இடம் கொடுக்கவில்லை. எனவே முன்னறையிலேயே கிடந்தது. சோபா சமையலறை வாசலுக்குப் போயிற்று.

கம்பெனி வேண்டாமென்ற வீடியோவைத் தன் பக்கத்தில் போடலாமா என்று அண்ணன் மகளிடம் கேட்டாள். அவள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, போடலாம் என்றாள். போட்டார்கள். பிரமாதமாக ஒன்றும் ஓடவில்லை. சண்டை இல்லாததால் சண்டை பார்க்க வந்தவர்களும் வரவில்லை. பழைய ஆட்கள் வந்தார்கள், 'கழுத்து வலிக்கப்போகிறது, தலையணை வையுங்கள்' என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும், 'ரன்னரை நுழைக்கும்போது பையை எந்தக் கையில் பிடித்தீர்கள், சரியாகத் தெரியவில்லை' என்று கேட்டிருந்தார். ஜிப்பக்கா அந்தக் கமெண்டை மூன்று தடவை படித்தாள். இடது கையில் என்று பதில் எழுதிவிட்டு, அது போதாதென்று தோன்றி, இன்னும் நாலு வரி எழுதினாள்.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. 'பின்னால் காலியாகக் கிடக்கிற மெத்தை அழகாக இருக்கிறதே, எந்தக் கம்பெனி? வாங்கலாமா?'

அவள் அண்ணன் மகளைப் போனில் கூப்பிட்டாள். "பேரைச் சொல்லலாமா? சொன்னா அது விளம்பரமா? காசு வாங்காம சொன்னா என்ன பேரு? சொல்லாம விட்டா அவங்களுக்கு நான் துரோகம் பண்ண மாதிரி ஆகுமா?"

விளம்பர ஆபீசில் வேலை பார்க்கிற பெண் வெகுநேரம் யோசித்தாள். "தெரியல அத்தை," என்றாள்.

முக்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிய ரொட்டிக்காரர் அப்போதுதான் மெஷின் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். கன்னத்தில் மேஜை விளிம்பின் தடம் கோடாக விழுந்திருந்தது.

"என்ன விசாரிக்கிறாங்க?"

"மெத்தை நல்லா இருக்கான்னு."

"அதுல படுத்தவன் நான்தானே. என்னைக் கேளு."

"சரி, சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அவர் மெத்தையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும்? அதுல நான் தூங்கவே இல்லையே."

ஜிப்பக்காவுக்கு அதைவிட நியாயமான பதில் எதுவும் தோன்றவில்லை. 'அவர் இன்னும் இதில் தூங்கவில்லை. அதனால் எங்களுக்குத் தெரியாது' என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.